நீவுவதா, அமுக்குவதா, மிதிப்பதா?

எங்கள் அப்பாயிக்கு மசாஜ் என்ற சொல் தெரியாது. ஆனால் தன் உடம்புக்கு எந்த நேரத்தில் என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியும். நாற்று நட்டுவிட்டு வந்த நாளில் "காலைக் கொஞ்சம் அமுக்கி விடுடா" என்பார். மழைக்காலத்தில் முழங்கால் இறுகிக்கொண்டால் "எண்ணெய் போட்டு உருவி விடு" என்பார். வயிறு பொருமினால் தொப்புளைச் சுற்றித் தடவச் சொல்வார். தலைபாரத்துக்கு நெற்றியை நீவ வேண்டும். இடுப்பு கடுத்தால் வீட்டிலேயே சின்னப் பேரனைக் கூப்பிட்டு ஏறி மிதிக்கச் சொல்வார். கழுத்துச் சுளுக்குக்கு மட்டும் வீட்டார் யாரையும் தொட விடமாட்டார். அதற்கென்று ஊரில் ஒருவர் இருந்தார்.

நீவுதல், உருவுதல், அமுக்குதல், பிடித்தல், தேய்த்தல், தடவுதல், தட்டுதல், மிதித்தல், சுளுக்கெடுத்தல். ஒவ்வொன்றும் வேறு கைவேலை, ஒவ்வொன்றும் வேறு நோவுக்கு. இத்தனை வினைச்சொற்களையும் மசாஜ் என்ற ஒற்றைச் சொல் விழுங்கிவிட்டது. அந்தச் சொல்லுக்கு முன்னால் இப்போது ஊர்ப் பெயர்கள்தாம் நிற்கின்றன: கேரளா, தாய், ஸ்வீடிஷ், பாலி, சீனம். சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து பீச் ரோடு, சைனாடவுன் வரை அரைநாள் நடந்தால் ஆசியாவின் பெரும்பாலான கைமுறைகளைக் கடந்துவிடலாம். இத்தனையையும் இவ்வளவு சிறிய பரப்பில் வைத்திருக்கும் நகரம் அரிது. இவற்றில் எது என் உடம்புக்கு ஏற்றது என்று கேட்பவர்கள் அநேகர். பலகையில் உள்ள ஊர்ப் பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்காமல் அப்பாயியைப் போல வினைச்சொல்லை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் முடிவு. அதற்கும் முன்னால், அந்த வலி கை வைக்கத் தகுந்த வலிதானா என்று பார்த்தாக வேண்டும்.

ஊர்ப் பெயரை நம்பாதே என்று நான் சொல்வதற்கு வரலாறே சான்று. ஸ்வீடிஷ் மசாஜை எடுத்துக்கொள்வோம். 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சி நிறுவனம் தொடங்கிய பெர் ஹென்ரிக் லிங்கின் பெயரோடு அது ஒட்டிக்கொண்டது. ஆனால் நீவுதல், பிசைதல், தட்டுதல் என்று அதன் அசைவுகளை வகுத்து, இன்றும் புழங்கும் பிரெஞ்சுப் பெயர்களைப் பரப்பியவராக மசாஜ் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் காட்டுவது யோகான் மெட்ஸ்கர் என்ற டச்சு மருத்துவரை. பாதப் பிடிப்பின் கதை இன்னும் வியப்பானது. சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் கட்டடத்தின் மாடிகளில் பாதத்தின் படம் மாட்டி, கட்டைவிரல் மூளை, நடுப்பாதம் சிறுநீரகம் என்று வண்ணம் தீட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் ஐயாயிரம் ஆண்டுச் சீன ஞானம் என்று தோன்றும். பாதத்தைப் பிடித்துவிடும் வழக்கம் சீனத்தில் பழையதுதான். ஆனால் அந்த வரைபடத்துக்கு வயது நூறு ஆண்டுக்குச் சற்று மேல். வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அமெரிக்க மருத்துவர் 1917இல் உடலை மண்டலங்களாகப் பிரித்து எழுதினார். யூனிஸ் இங்கம் என்ற பெண்மணி 1938இல் அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் தைவானில் பணியாற்றிய சுவிட்சர்லாந்துப் பாதிரியார் ஒருவர் அதைச் சீன மக்களிடையே பரப்பினார்.

சித்த மருத்துவம் இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. அதன் 32 புற மருந்துகளில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதில் ஒன்பது முறைகள். ஒன்றிலும் ஊர்ப் பெயர் இல்லை, எல்லாம் கை செய்யும் தொழிலின் பெயர். குமரி மாவட்டத்து ஆசான்களிடம் தழைத்த வர்மக்கலை இன்னும் ஒருபடி மேலே போகிறது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களை அது குறிக்கிறது. அடிபட்டால் ஆபத்து நேரும் இடங்கள் எவை என்ற கணக்கிலிருந்து தொடங்கியே அது தொடும் முறைக்கு வருகிறது. கூடாத இடத்தை முதலில் கற்றுக்கொடுக்கும் அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. இந்தக் கட்டுரையும் ஓரளவுக்கு அந்த வழியில்தான் போகிறது.

தேக்காவின் எண்ணெய்

தேக்கா என்று நம்மவர்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவில் உடற்பிடிப்பு என்றால் பெரும்பாலும் எண்ணெய். சிராங்கூன் ரோட்டிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் உள்ள ஆயுர்வேத நிலையங்கள் கேரள வழியைப் பின்பற்றுபவை. 1902இல் பி.எஸ். வாரியர் தொடங்கிய கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலை போன்ற நிறுவனங்கள் வகுத்த தைலங்களும் முறைகளும்தாம் அவற்றுக்கு அடிப்படை. அப்யங்கம் என்றால் உடல் முழுவதும் எண்ணெய் பூசி நீவுவது. பிழிச்சில் என்றால் சூடான தைலத்தைத் துணியில் தோய்த்துப் பிழிந்துகொண்டே தேய்ப்பது. கிழி என்றால் மூட்டை கட்டி ஒற்றுவது. இலைக்கிழியில் மருந்திலைகள் இருக்கும். ஞவரக்கிழியில் ஞவரை அரிசியைப் பாலிலும் குறுந்தொட்டிக் கஷாயத்திலும் வேகவைத்துக் கட்டுவார்கள். சிரோதாரையில் நெற்றியில் எண்ணெயை இடைவிடாமல் ஒழுகவிடுவார்கள்.

இவற்றை ஒரே பட்டியலில் விலைவாரியாக அடுக்கி வைத்திருப்பதால், அதிக விலை உள்ளதே அதிகப் பலன் தருவது என்று வாடிக்கையாளர் நினைத்துவிடுகிறார். அப்படியல்ல. நாள் முழுக்கக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து தோல் வறண்டு, உடம்பு முழுக்கக் கட்டை போல இருப்பவருக்கு எளிய அப்யங்கமே போதும். தூக்கம் வராமல் மனம் ஓடிக்கொண்டே இருப்பவருக்கு மெதுவான நீவலும் தலைக்கும் பாதத்துக்கும் எண்ணெயும் நல்லது. மெலிந்து தசை வற்றிய முதியவருக்கு ஞவரக்கிழி என்பது ஆயுர்வேத மரபு. ஒரே இடத்தில் கல் போல முடிச்சு விழுந்த தோளுக்கு இந்த வழுவழுப்பான கை போதாது. எண்ணெயில் விரல் வழுக்கிக்கொண்டு போகும், முடிச்சு அப்படியே இருக்கும். அவருக்கு வேறு வினைச்சொல் வேண்டும்.

தைலத்திலும் வேறுபாடு உண்டு. தன்வந்தரம் பேறுகாலத்துக்கும் வாத நோவுக்கும் பேர்போனது. கொட்டஞ்சுக்காதி வலியும் வீக்கமும் சேர்ந்த இடத்துக்கு. முறிவெண்ணெய் அடிபட்டதற்கும் முறிவுக்கும். எல்லோருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துத் தேய்க்கும் இடத்தில், இது என்ன தைலம், எனக்கு ஏன் இது என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது. விவரம் தெரிந்த வைத்தியர் மகிழ்ச்சியோடு விளக்குவார்.

வாக்படரின் அஷ்டாங்க ஹ்ருதயம் தலை, காது, பாதம் ஆகிய இடங்களில் சிறப்பாக எண்ணெய் தேய்க்கச் சொல்கிறது. அதே நூல் யாருக்கு எண்ணெய் கூடாது என்றும் சொல்கிறது: கபம் மிகுந்தவர், பேதி முதலிய சுத்திகரிப்பு முடித்தவர், சாப்பிட்டது செரிக்காதவர். சளியும் இருமலுமாக இருக்கும்போது விடுமுறை நாள் வீணாகிவிடக் கூடாதே என்று போய் எண்ணெயில் ஊறுவது, ஆயுர்வேதப்படியே தவறு. தேக்கா சந்தையில் வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நேராகப் போய்க் குப்புறப் படுப்பதும் அப்படித்தான்.

மற்ற கைகள்

சீன முறையான டுய்னாவின் பெயரே இரண்டு வினைச்சொல்: தள்ளு, பற்று. பெரும்பாலும் உடைக்கு மேலேயே கட்டைவிரல், முழங்கை, உள்ளங்கை கொண்டு ஒரே இடத்தில் நின்று வேலை செய்யும் கை அது. கணினி முன் கழுத்தை நீட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்காருபவரின் தோள்முடிச்சுக்கு இதுவே நேரான வழி. என் அனுபவத்திலும் அப்படித்தான். ஆனால் வலிக்க வலிக்கப் பிடித்தால்தான் பலன் என்ற நம்பிக்கை அங்கே வலுவாக இருக்கிறது, நம்மவர்களிடமும் இருக்கிறது. இது தவறு. இதமான வலி என்று ஒன்று உண்டு, மூச்சு விட முடிகிற வலி. பல்லைக் கடித்து மூச்சை அடக்க வைக்கும் வலியில் தசை இளகாது, எதிர்த்து இறுகும். அளவு மீறிய பிடியால் தசை நார்கள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதித்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கடுமையான பிடிக்கு மறுநாள் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாய்லாந்து முறையில் எண்ணெய் இல்லை, கட்டில் இல்லை. தளர்ந்த உடை அணிந்து பாயில் படுத்திருக்க, பிடிப்பவர் தன் உடல் எடையைக் கொண்டு அழுத்துவார், இழுப்பார், மடக்குவார். நம் தொக்கணத்தின் அழுத்தல், இழுத்தல், அசைத்தல் மூன்றும் அதில் இருக்கின்றன. புத்தரின் மருத்துவர் ஜீவகனைத் தங்கள் ஆதி ஆசானாக வணங்குகிறார்கள் என்பதால் உறவு தொலைவானதல்ல. 2019இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. சிங்கப்பூரில் இதற்கு நெடுங்கால அடையாளமாக இருந்தது பீச் ரோட்டின் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ். 2023 மே மாதத்தில் அந்தக் கடைகள் அங்கிருந்து வெளியேறின. தொடை, இடுப்பு, முதுகு எல்லாம் மடங்க மறுக்கும் ஆரோக்கியமான நாற்பது வயதுக்காரருக்கு இது அருமையான கை. எலும்பு தேய்ந்த முதியவருக்கும், இடுப்பு மூட்டு மாற்றியவருக்கும், வலி காலுக்கு இறங்கும் முதுகுத்தட்டு நோயாளிக்கும் அந்த முறுக்கலும் மடக்கலும் ஆகாது.

பாதப் பிடிப்பில் அந்த வண்ணப் படத்தை நம்பிப் போக வேண்டாம். பாதத்தின் ஒரு புள்ளியை அழுத்தினால் ஈரலோ சிறுநீரகமோ குணமாகும் என்பதைச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. நின்றே வேலை செய்யும் உணவகப் பணியாளருக்கும் காவலாளிக்கும் பாதத்தை அமுக்கிவிட்டால் கிடைக்கும் ஆறுதல் உண்மையானது. அந்த ஆறுதலுக்காகப் போங்கள், அது போதும்.

உருட் எனப்படும் மலாய்ப் பிடிப்பைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டு வழக்கத்துக்கு மிக நெருங்கியது அது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924இல் பேறுகால மருத்துவமனை ஆனது. 1966இல் ஒரே ஆண்டில் அங்கே 39,000க்கும் அதிகமான பிள்ளைகள் பிறந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன தாய்மாருக்கு அவரவர் மரபில் ஒரு கை காத்திருந்தது. மலாய்ப் பெண்ணுக்குச் சூடாக்கிய கல்லைத் துணியில் சுற்றி ஒற்றி, வயிற்றைக் கீழிருந்து மேலாக நீவி, நீண்ட துணியால் பெங்குங் கட்டினார்கள். தமிழ்ப் பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்து, வேப்பிலை போட்ட வெந்நீர் ஊற்றி, பழைய வேட்டியால் வயிற்றைக் கட்டினார்கள். அடுக்குமாடி வீடுகளில் அக்கம்பக்கமாக வாழத் தொடங்கிய பிறகு தமிழ் வீடுகளுக்கும் மலாய்ப் பாட்டிமார் வந்து பிடித்துவிட்டார்கள். இன்று அது முன்பதிவு செய்து வீட்டுக்கு வரவழைக்கும் தொழிலாகிவிட்டது. பெற்றவளுக்கு அந்த நாட்களில் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் அவள் உடம்பை மட்டும் கவனிக்கிறார் என்பதே பெரிய மருந்து. சிசேரியன் ஆனவர்கள் மட்டும், தையல் ஆறிவிட்டதாக மருத்துவர் சொல்லும்வரை வயிற்றில் கை வைக்க விடக்கூடாது, இறுக்கியும் கட்டக்கூடாது. கை, கால், தோள், தலை போதும். பெற்றபின் சில வாரங்களுக்குக் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுதல் என்பதால், ஒரு கால் மட்டும் வீங்கினால் அதைத் தேய்க்கவே கூடாது.

சோதனைகள் சொல்வது

எந்த முறை நல்லது என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு நேரான பதில் தருகிறது. நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 401 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தசைகளைத் தேடிப்பிடித்து ஆழமாக வேலை செய்யும் முறை. இன்னொரு குழுவுக்கு உடம்பைத் தளர்த்தும் மென்மையான பொதுப் பிடிப்பு. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். வாரம் ஒரு மணி நேரம், பத்து வாரம். முடிவில், பிடிப்பு பெற்ற இரண்டு குழுக்களிலும் மூவரில் ஒருவருக்கு மேல் வலி ஏறக்குறைய முற்றிலும் போய்விட்டதாகச் சொன்னார்கள். வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் அப்படிச் சொன்னவர் 25 பேரில் ஒருவர்தான். ஆழமான முறைக்கும் மென்மையான முறைக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆறு மாதம் வரை பயன் தெரிந்தது, ஓராண்டில் அது மங்கிவிட்டது.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முறையின் பெயருக்காக நாம் செலவழிக்கும் கவலையில் பாதி வீண் என்று இது காட்டுகிறது. பெயரை விட அளவு முக்கியம் என்பதற்கும் சான்று இருக்கிறது. நாட்பட்ட கழுத்து வலியுள்ள 228 பேரிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், அரைமணி நேரப் பிடிப்பு வாரத்துக்கு மூன்று முறை கொடுத்தும் பெரிய பலன் தரவில்லை. ஒரு மணி நேரப் பிடிப்பை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நான்கு வாரம் பெற்றவர்களே தேறினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளிக்கு முன்னால் போய்விட்டு வந்து "ஒன்றும் சரியாகவில்லை" என்று சொல்வதில் நியாயமில்லை. பணம் குறைவாக இருந்தால், ஆண்டு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போவதைவிட வலி வந்த மாதத்தில் நெருக்கமாகச் சில முறை போவது மேல்.

அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி, புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பே முயலக்கூடியவற்றில் சூடு ஒற்றுதலையும் மசாஜையும் சேர்த்தது. நாட்பட்ட வலிக்கு 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில் உடற்பயிற்சியோடு மசாஜுக்கும் இடம் உண்டு. உடம்பிலிருந்து நச்சை வெளியேற்றும், லாக்டிக் அமிலத்தைப் பிழிந்தெடுக்கும் என்று பலகையில் எழுதுவதற்கு ஆதாரம் இல்லை. உடற்பயிற்சியில் உண்டாகும் அந்த அமிலம் ஒரு மணி நேரம் போலக் கழிந்தால் தானாகவே இரத்தத்திலிருந்து நீங்கிவிடும்.

கை வைக்கக் கூடாத உடம்பு

சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 17.2 விழுக்காடு, மூன்று பெரிய இனங்களிலும் அதுவே மிகுதி. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவு மீது போர் என்றே அறிவித்தது. ஆகவே தேக்காவில் பிடித்துவிடும் மேசையில் படுப்பவர்களில் கணிசமானவர்கள் சர்க்கரை உள்ளவர்களாகவே இருப்பார்கள். நெடுநாள் சர்க்கரையால் பாத நரம்பு மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. பாதப் பிடிப்புக்கு முன் கால்களை வெந்நீரில் ஊறவைப்பது வழக்கம். மரத்த கால் வெந்து கொப்புளமானாலும் உடையவருக்குத் தெரியாது. கட்டைக் கோலால் குத்தி அழுத்தும்போது சின்னக் காயமாகி, அது புண்ணாகிப் போகவும் கூடும். சர்க்கரை உள்ளவர்கள் பாதப் பிடிப்பே செய்துகொள்ளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதத்தில் உணர்வு சரியாக இருக்கிறதா என்று பலதுறை மருந்தகத்தில் சோதித்துக்கொண்ட பிறகு, வெந்நீர் இல்லாமல், கோல் இல்லாமல், கையால் மட்டும் மெதுவாகப் பிடிக்கச் சொல்லலாம். புண்ணோ வெடிப்போ இருந்தால் வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும் இன்னொரு தொல்லை தோள்மூட்டு இறுகிப்போவது. கை தலைக்கு மேல் எழாது, பின்னால் ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியாது, இரவில் வலிக்கும். சதை பிடித்துக்கொண்டது என்று நினைத்து, அமுக்கி இழுக்கச் சொல்லி நம் பெண்கள் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். இறுகியிருப்பது மூட்டைச் சுற்றிய உறை. அதற்கு வேண்டியது படிப்படியான பயிற்சியும் மருத்துவமும். முரட்டுப் பிடி அதை மேலும் கோபப்படுத்தும். இங்கே சரியான கை இயன்முறை மருத்துவருடையது, பலதுறை மருந்தகம் வழியாகவே அவரிடம் போகலாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அது தசைப்பிடிப்பாக இல்லாமல் நாளத்தில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். நெடுநேர விமானப் பயணத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிறகு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். தேய்த்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். முதுகு வலியோடு கால் வலுவிழப்பது, இருக்கை படும் இடம் மரப்பது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது ஆகியவை அவசரப் பிரிவுக்கு உரியவை, ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிடுபவர் ஆழமான பிடியைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சல் நாளில் எந்தப் பிடியும் வேண்டாம்.

கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சடக்கென்று ஒலி எழுப்புவதை நான் எந்த முறையிலும் ஏற்பதில்லை. கழுத்தெலும்பு வழியாக மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நேர்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில், சொல்லாமல் கொள்ளாமல் என் தாடையைப் பிடித்துத் திருப்பினார்கள். இரண்டு நாள் தலைசுற்றலோடு கிடந்தேன். அதற்குப் பிறகு எங்கே படுத்தாலும் முதல் வாக்கியமாகக் கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

உரிமமும் படிப்பும்

சிங்கப்பூரில் உடற்பிடிப்பு நிலையம் நடத்தக் காவல்துறையின் உரிமம் வேண்டும், சட்டம் விலக்களித்த சில வகை இடங்கள் நீங்கலாக. 2018 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி, உரிமமில்லாமல் நடத்தினால் முதல் முறை 10,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் இந்த உரிமத்தின் முதன்மை நோக்கம் ஒழுங்குமீறலைத் தடுப்பது. உங்கள் முதுகைப் பிடிப்பவருக்கு முதுகைப் பற்றி என்ன தெரியும் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. சீன மருத்துவர்களையும் ஊசிக்குத்து மருத்துவர்களையும் பதிவு செய்ய 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இயன்முறை மருத்துவர்களுக்கு 2011ஆம் ஆண்டுச் சட்டம். ஆயுர்வேதத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் அத்தகைய சட்டப் பதிவு இங்கே இல்லை. ஆகவே பொறுப்பு நம் மேல் விழுகிறது. ஆலோசனை சொல்பவர் இந்தியாவில் ஐந்தரை ஆண்டு படிக்கும் பி.ஏ.எம்.எஸ். அல்லது பி.எஸ்.எம்.எஸ். முடித்தவரா, கை வைப்பவர் எங்கே எத்தனை மாதம் பயின்றார் என்று கேட்க வேண்டும். படுக்க வைப்பதற்கு முன் உங்களை ஒரு கேள்விகூடக் கேட்காத இடத்தில் படுக்காதீர்கள். எனக்கு இதுவே முதல் அளவுகோல்.

மேசையில் எண்ணெயோடு கிடக்கும்போது பத்து முறைக்கான தொகுப்பை வாங்கச் சொல்லி நெருக்குவது நடக்கிறது. எழுந்து, குளித்து, உடுத்திக்கொண்டு பேசலாம் என்று சொல்லுங்கள். முதல் இரண்டு முறை ஒவ்வொன்றாகப் பணம் கட்டிப் பாருங்கள். முன்பணம் கட்டத்தான் வேண்டுமென்றால் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் முத்திரை உள்ள இடமாகப் பாருங்கள். ஏமாற்றப்பட்டால் 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு கோரிக்கை மன்றத்துக்கு வழக்கறிஞர் இல்லாமலேயே கொண்டுபோகலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்த கேள்வி

ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு ஞாயிறு மாலை, புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, இங்க நல்லா புடிச்சு விடுற எடம் எங்கண்ணே இருக்கு? இடுப்பு நிமிரவே மாட்டேங்குது."

எப்போதிருந்து என்று கேட்டேன். வேலைத்தளத்தில் இரும்புக் கம்பிக் கட்டைத் தூக்கும்போது கால் வழுக்கியதாம், ஒன்பது நாளாகிறதாம். மேற்பார்வையாளரிடம் சொல்லவில்லை, சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். கையில் இருந்த வாரக் காசில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடலாம் என்று நினைத்திருந்தார்.

"தம்பி, இது புடிச்சு விடுற வலி இல்லை. முதல்ல டாக்டர்கிட்டப் போங்க" என்றேன்.

அவருக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். வேலையிடத்தில் நேர்ந்த காயத்துக்கு வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. மருத்துவச் செலவும், மருத்துவ விடுப்பு நாட்களுக்கான சம்பளமும், நிரந்தரப் பாதிப்பு என்றால் ஒட்டுமொத்தத் தொகையும் அதில் கேட்கலாம். விபத்து நடந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். முதலாளி அறிவிக்காவிட்டாலும் ஊழியரே மனிதவள அமைச்சிடம் அறிவிக்கலாம். மருத்துவரிடம் எங்கே, எப்போது, எதைத் தூக்கும்போது என்று சொன்னால் அது பதிவாகும், அந்தப் பதிவே பிறகு பேசும். 2022 ஏப்ரல் முதல் கட்டுமானத் துறையில் உள்ள ஊழியர்களுக்கும் விடுதிகளில் வாழும் ஊழியர்களுக்கும் அடிப்படை மருத்துவத் திட்டம் இருக்கிறது, மருத்துவரைப் பார்க்க அவர்கள் பெரும் பணம் தேட வேண்டியதில்லை. விழுந்து அடிபட்ட முதுகில் எலும்பு விரிசல் இல்லை என்று தெரிந்த பிறகு எண்ணெய் தேய்க்கலாம்.

தேக்காவில் நிலையம் நடத்தும் உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணெயைச் சூடாக்குவதற்கு முன் வாடிக்கையாளரிடம் கொடுக்க ஒரு தாள் அச்சடித்து வையுங்கள், தமிழிலும் வங்காளத்திலும் இருக்கட்டும். சர்க்கரை உண்டா? இரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா? கர்ப்பமா, அண்மையில் பிள்ளை பெற்றீர்களா? அறுவை சிகிச்சை ஆனதா? அண்மையில் விழுந்தீர்களா, வேலையிடத்தில் அடிபட்டீர்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று எழுதுபவரை அன்று படுக்க வைக்காமல், பக்கத்தில் உள்ள மருந்தகத்துக்கு வழிகாட்டி அனுப்புங்கள்.